திருவையாற்றுப் பந்தலில் ஒரு புதியவன்

கிறிஸ்துவுக்குள் மிகவும் அன்பான சபையாருக்கு,



கடந்த தை மாதத்தில் நான் திருவையாற்றுக்குச் சென்று வந்த செய்தி உங்களில் பலரை எட்டியிருக்கிறது. தியாகராஜர் ஆராதனை விழாவில், பந்தலின் கடைசி வரிசைகளில் ஒன்றில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தேன். சென்ற ஞாயிறு மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, நீங்க அங்க போகலாமா?" என்று கேட்டார். அன்று மாலை வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு தம்பி, "அந்தப் பாட்டெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சதா ஐயா?" என்றான். இரண்டும் நேர்மையான கேள்விகள். இரண்டுக்கும் இந்த வாரத் தியானத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனெனில் நம் சபைக் குழுவின் முன் இப்போது இருக்கும் வேறொரு கேள்வியோடு இவை பின்னிக் கிடக்கின்றன. வரும் ஆண்டு முதல் காலை ஆராதனையில் கீர்த்தனைகளை விட்டுவிடலாமா என்பதே அது.

தம்பியின் கேள்விக்கு விடை எளிது. புரியவில்லை. அங்கே எல்லோரும் சேர்ந்து பாடும் ஐந்து கீர்த்தனைகளைப் பஞ்சரத்தினம் என்கிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்தவை. முதற்பாட்டு சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. இரண்டு மொழியும் நான் அறியேன். இராகங்களைப் பிரித்தறியும் செவியும் எனக்கு இல்லை. பாமாலையும் ஆர்மோனியமும் கேட்டு வளர்ந்தவன் நான். திருச்சி வானொலி ஒவ்வோராண்டும் அந்த விழாவை ஒலிபரப்புகையில் அண்டை வீட்டுச் சன்னல் வழியாக வந்து விழும் ஓசையே எனக்கும் கர்நாடக இசைக்கும் இருந்த உறவு.

மூப்பரின் கேள்விக்கு விடை சற்று நீளமானது. என்னை அங்கே அழைத்துச் சென்றவர் ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பல ஆண்டு நண்பர். நம் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, முடிவு வரை கேட்டுவிட்டுப் போகிறவர். அவர் நம் ஆராதனைக்கு வரும்போது தம் சமயத்தைத் துறந்து வருவதில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நானும் செருப்பைக் கழற்றி வைத்தேனே தவிர, விசுவாசத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. சமாதியில் நடந்த அபிஷேகத்திலும் தீபாராதனையிலும் நான் பங்கு கொள்ளவில்லை. நண்பரும் என்னை அதற்கு அழைக்கவில்லை. பவுல் அப்போஸ்தலன் அத்தேனே பட்டணத்தின் தெருக்களில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை. அவர்கள் வணங்குபவற்றை உற்றுநோக்கினார், அவர்களுடைய புலவர்கள் சொன்னதை அறிந்திருந்தார், அதன் பின்பே பேசினார் (அப்போஸ்தலர் 17). பிறர் பயபக்தியாய்ச் செய்வதை அருகிருந்து பார்த்தால் நம் விசுவாசம் கரைந்துபோகும் என்று அஞ்சுவோமானால், குறை பார்த்ததில் இல்லை; விசுவாசத்தில் இருக்கிறது.

இனி விழாவைப்பற்றிச் சிறிது. தியாகராஜர் 1767-இல் பிறந்து 1847 ஜனவரி 6 அன்று மறைந்தவர். திருவையாற்றில் திருமஞ்சன வீதியிலிருந்த தம் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தெருத்தெருவாகப் பாடிப்போய், மக்கள் இடும் அரிசியைக் கொண்டு வாழ்ந்தவர். தஞ்சை அரசர் பொன்னும் பொருளும் தந்து அழைத்தும் அவைக்குப் போக மறுத்தார் என்று சொல்வர். இறுதியில் துறவு பூண்டமையால் அவரைத் தகனம் செய்யாமல் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். ஆண்டுதோறும் அவர் மறைந்த திதியில் அந்தச் சமாதியின் முன்பாக இசைவாணர்கள் கூடுகிறார்கள். அதற்குப் பெயர் 'ஆராதனை'. நாம் ஞாயிறுதோறும் பயன்படுத்தும் அதே சொல்.

நாங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, திருவானைக்கோயில், கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகக் காவிரியை ஒட்டியே சென்றோம். வழியில் நண்பர் ஒரு செய்தி சொன்னார். தியாகராஜர் ஒருமுறை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, சுவாமி புறப்பாட்டைக் காணத் திரண்ட கூட்டத்தில் அவரால் முன்னே வர இயலவில்லையாம். ஊருக்குப் புதியவர், அவரை அங்கே அறிந்தவர் யாரும் இல்லை. பின்னாலேயே நின்று வருந்திப் பாடினாராம். வாகனம் சுமந்தவர்களுக்கு அடியெடுத்து வைக்க முடியாமற் போயிற்றாம். ஏதோ அடியவருக்குக் குறை நேர்ந்திருக்கிறது என்று தேடி, அவரைக் கண்டுபிடித்து முன்னே அழைத்து வந்த பிறகே புறப்பாடு நகர்ந்ததாம். ஸ்ரீரங்கத்தின்மேல் அவர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் இன்றும் வழங்குகின்றன. அவற்றை ஸ்ரீரங்கப் பஞ்சரத்தினம் என்கிறார்கள். இந்தக் கதையை அவர்கள் மரபாகப் போற்றுகிறார்கள். என் மனமோ எரிகோவின் காட்டத்தி மரத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் கூட்டம் வழிவிடவில்லை. ஊர்வலத்தை நிறுத்தியவரோ மரத்தில் ஏறியிருந்த சகேயு அல்லர், அண்ணாந்து பார்த்து அவனைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர் (லூக்கா 19). இரண்டு கதைகளும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் வழிவிடாமல் நின்றவர்கள் பக்தர்களே என்பதைமட்டும் கவனித்தேன்.

பந்தலுக்குள் அமர்ந்ததும் நண்பர் என் வலக்கையைப் பிடித்து என் தொடையின்மேல் வைத்தார். "சார், பாஷை வேண்டாம், ராகம் வேண்டாம். தாளத்தை மட்டும் பிடிச்சுக்கோங்கோ. அஞ்சு பாட்டும் ஆதி தாளம்தான். எட்டு எண்ணினாப் போதும்" என்றார். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும், மறுபடி தட்டும் வீச்சும். ஆக எட்டு. சிறு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் நாலைந்து முறை செய்து காட்டினார். நாகசுரம் ஓய்ந்து, புல்லாங்குழல்களின் இசையும் முடிந்து, பின் அத்தனை பேரும் ஒரே குரலாய்ப் பாடத் தொடங்கியபோது, என் கை அந்த எட்டைத் தேடித் தவித்தது. இரண்டாம் பாட்டிலும் மூன்று முறை தவறவிட்டேன். முன்னால் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் திரும்பிப் பார்த்தார். கடிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் தம் கையைச் சற்று உயர்த்தி, எனக்குத் தெரியும்படி தாளம் போட்டார். அவ்வளவுதான், ஒரு சொல்லும் பேசவில்லை. ஆரபி தொடங்கியபோது என் கையும் அவர் கையும் ஒன்றாய்த் தட்டின.

ஏறக்குறைய ஒரு மணி நேரம். மொழி தெரியாத எனக்கு அந்த ஒரு மணி நேரம் நீளமாகத் தோன்றவில்லை. காரணம், கையில் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அதைச் செய்யக் காட்டித்தர ஒருவர் இருந்தார்.

இன்னொன்றையும் அங்கே கண்டேன். பஞ்சரத்தினம் பாடும் வேளையில் தனிப்பாடகர் என்று ஒருவரும் இல்லை. மற்ற நேரங்களில் மேடையேறித் தனிக் கச்சேரி செய்யும் புகழ்பெற்றவர்களும், நேற்றுத்தான் பாட்டு வகுப்பில் சேர்ந்த சிறுமியும், ஒரே தரையில், ஒரே ஜமக்காளத்தில், எதிரெதிராய் அமர்ந்து பாடுகிறார்கள். ஒருவர் குரல் மற்றவர் குரலில் கலந்துவிடுகிறது. பலருடைய மடியில் புத்தகம் விரிந்திருக்கிறது. மனப்பாடமாய்த் தெரிந்தவரும் பக்கத்தைப் புரட்டுகிறார், பக்கத்திலிருப்பவருக்காக. முதலில் ஸ்வரங்களைப் பாடி, பிறகு அதே மெட்டில் சொற்களைப் பாடுகிறார்கள். புதிதாய்க் கேட்கிறவனுக்கு அதுவே ஒரு பாடம். மெட்டு முதலில் காதில் பதிந்துவிடுகிறது, சொல் பின்னால் வருகிறது.

இதைக் கண்டபோது அமெரிக்காவின் தென்மாநிலத்துச் சிற்றூர்ச் சபைகளின் வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1844-இல் ஜார்ஜியா மாநிலத்தவர்கள் தொகுத்த 'சேக்ரட் ஹார்ப்' என்னும் பாட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. எழுதப் படிக்க அதிகம் பழகாத விவசாயிகளும் பார்த்துப் பாடத்தக்கதாக, முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்னும் வடிவங்களில் ஸ்வரங்களை அச்சிட்டார்கள். பாடுகிறவர்கள் நான்கு பக்கமும் சதுரமாய் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பாடுகிறார்கள். அவர்களும் முதலில் ஸ்வரத்தைப் பாடிவிட்டே சொற்களுக்கு வருகிறார்கள்! இன்றும் அந்தக் கூடுகைகள் நடக்கின்றன. கேட்க வருகிறவர்களுக்கென்று தனி இடம் இல்லை, வந்தவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து உட்கார்த்தி வைக்கிறார்கள். காவிரிக் கரைக்கும் அந்த நாட்டுப்புறத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்தும், கூட்டமாய்ப் பாடவேண்டும் என்று மெய்யாகவே விரும்பிய இரண்டு கூட்டத்தாரும் ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

திருவையாற்றிலும் எல்லாம் எப்பொழுதும் இவ்வாறு இருந்ததில்லை என்பதை நண்பர் மறைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆராதனையை நடத்தியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்றே அவற்றுக்குப் பெயர். (நம் குருசேகரத் தேர்தல்களை அறிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) இரு கட்சியாரும் ஒன்றில்மட்டும் ஒத்துப்போனார்கள், சமாதியின் முன் பெண்கள் பாடலாகாது என்பதே அது. அப்போது பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்தார். 1878-இல் பிறந்தவர், தேவதாசி மரபினர், சென்னையில் பாடிப் பெரும்புகழ் ஈட்டியவர். சமாதி பாழடைந்து கிடக்கிறதென்று கேள்விப்பட்டு, 1920-களில் தம் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொட்டி அங்கே நிலம் வாங்கி, கோயில் எழுப்பினார். கோயிலைக் கட்டியவருக்கே அதன் முன்னால் பாட அனுமதி இல்லை. அவர் சண்டையிட்டு வெளியேறவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே ஓர் ஆராதனையைத் தொடங்கினார். 1940-ஐ ஒட்டி மூன்று கூட்டமும் ஒன்றாயின. இன்று பெண்களும் ஆண்களும் எதிரெதிராய் அமர்ந்து பாடுவது அவ்வாறு வந்ததே. அவர் 1952-இல் மறைந்தார். அவருடைய நினைவிடம் தியாகராஜரின் சமாதிக்கு அருகிலேயே இருக்கிறது.

இதைக் கேட்டபோது பெத்தானியாவில் பரணியை உடைத்துத் தைலம் ஊற்றிய பெண்ணையும், அவளைப் பார்த்து முறுமுறுத்தவர்களையும் நினைத்தேன் (மாற்கு 14). முறுமுறுத்தவர்கள் அந்நியர் அல்லர், பந்தியிலேயே இருந்தவர்கள். பாட்டு யாருடையது, யார் பாடலாம் என்ற வழக்கு எல்லாக் கூட்டத்திலும் எழும்புகிறது. அதைத் தீர்ப்பதற்குத் திருவையாற்றாருக்குப் பல ஆண்டுகள் ஆயின. நமக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதே என் கவலை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். உங்கள் கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து ஏதேனும் ஒரு பக்கத்தைப் பாருங்கள். பாட்டின் தலைப்பில் சிறிய எழுத்தில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் அச்சாகியிருக்கும். எத்தனையோ பாட்டுகளில் 'ஆதி தாளம்' என்றே இருக்கும். இத்தனை ஆண்டுகளாக அந்த வரியைத் தாண்டித்தான் என் கண் ஓடியிருக்கிறது. திருவையாற்றிலிருந்து திரும்பிய இரவில் புத்தகத்தைத் திறந்து, முழங்காலில் எட்டு எண்ணிக்கொண்டு, எனக்கு நன்றாய்த் தெரிந்த ஒரு கீர்த்தனையை மெதுவாய்ப் பாடிப் பார்த்தேன். பல்லவி தட்டில் வந்து சரியாய் உட்கார்ந்தது. அந்நிய வீட்டில் கற்ற பாடம் நம் வீட்டுப் பரணில் கிடந்த பெட்டிக்குச் சாவியாயிற்று.

அது வியப்பல்ல. நம் கீர்த்தனைகளும் அதே மண்ணில் விளைந்தவை. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1762-இல் திருச்சிக்கு வந்தார். கோட்டைப் பகுதியில் இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766-இல் அவர் காலத்தில் எழும்பியது. பின் அவர் தஞ்சைக்குச் சென்று, திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த ஒரு சிறுவனை அங்கே கொண்டுவந்து வளர்த்தார். அச்சிறுவனே வேதநாயகம் சாஸ்திரியார். பின்னாளில் அரசரான சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். குறவஞ்சி என்னும் நாட்டு இலக்கிய வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தவர். 1864 வரை வாழ்ந்தார். ஆக, அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே அரசின் எல்லையில், ஒரே ஆற்றின் கரையில், தியாகராஜர் தெலுங்கிலும் நம் சாஸ்திரியார் தமிழிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் ஒரே கட்டுமானம். அதே தஞ்சையில் பின்னாளில் ஆபிரகாம் பண்டிதர் என்னும் கிறிஸ்தவ மருத்துவர் தம் சொந்தச் செலவில் 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். கர்நாடக இசை 'அவர்களுடையது' என்று நம்மில் சிலர் ஒதுக்கும்போது, பண்டிதருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கொடுக்கல் வாங்கல் ஒருபுறமாய்மட்டும் நடக்கவும் இல்லை. திருவையாற்றில் பாடகரின் பக்கத்தில் தவறாமல் இருக்கும் வயலின், ஐரோப்பியர் கொண்டுவந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குமுன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கற்றுக் கர்நாடக இசைக்கு இசைவித்தார். அவர் அதை அந்நியம் என்று ஒதுக்கியிருந்தால் இன்று கச்சேரியே வேறாக இருந்திருக்கும். கிட்டாரையும் டிரம்ஸையும் ஆலயத்துக்கு வெளியே வைக்கவேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதிய பெரியவர்கள் இதைச் சற்று நினைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, கீர்த்தனை வேண்டாம் என்கிற வாலிபர் பக்கத்திலும் நான் இல்லை. கீர்த்தனையைத் தவிர மற்றது வேண்டாம் என்கிற பெரியவர் பக்கத்திலும் இல்லை. இரு பக்கத்தாரும் சங்கீதம் 33-ஐ எடுத்துக் காட்டுகிறீர்கள். புதுப்பாட்டைப் பாடச் சொல்லியிருக்கிறது என்று வாலிபர். நேர்த்தியாய் வாசிக்கச் சொல்லியிருக்கிறது என்று பெரியவர்கள். நல்லது. இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

இந்த வழக்கில் நாம் இருவருமே மறந்துபோன மூன்றாம் ஆள் ஒருவர் உண்டு. சில மாதங்களுக்குமுன் ஒரு தாயார் நம் ஆராதனைக்கு வரத் தொடங்கினார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லர். ஆறு வாரம் வந்தார்கள். ஏழாம் வாரம் வரவில்லை. வீட்டில் போய்ப் பார்த்தேன். நாம் யாரும் மனம் புண்படப் பேசிவிட்டோமோ என்று அஞ்சியே போனேன். அப்படி ஒன்றும் இல்லை. காபி கொடுத்து உபசரித்தார்கள். பிறகு சொன்னார்கள்: "எல்லாரும் பாடுறாங்க ஐயா. எப்ப எழுந்திரிக்கணும், எப்ப உட்காரணும்னு எல்லாருக்கும் தெரியுது. நான் மட்டும் சும்மா பார்த்துக்கிட்டு நிக்கிறேன். கல்யாண வீட்டுல தெரியாதவங்க பந்தியில உட்கார்ந்த மாதிரி இருக்கு."

சபையாரே, அந்த ஆறு வாரங்களிலும் நாம் கீர்த்தனையும் பாடினோம், கோரஸும் பாடினோம். இரண்டில் எதுவும் அவர்களை உள்ளே அழைக்கவில்லை. இருநூறு ஆண்டுப் பழைய கீர்த்தனையும் சென்ற ஆண்டு வந்த கோரஸும் அவர்களுக்கு ஒன்றுபோலவே புதுப்பாட்டு. கீர்த்தனையைத் தெரிந்தவர்கள் தமக்குத் தெரிந்த வேகத்தில் பாடிக்கொண்டு போனார்கள். கோரஸ் பாடியவர்கள் மைக்கின் முன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். அடி திரையில் வருமுன்னே அடுத்த அடிக்குத் தாவினார்கள். அவர்கள் பக்கத்தில் நின்றவர் கையில் புத்தகம் இருந்தது. அது திறந்தும் இருந்தது, அவருக்காக.

கொரிந்து சபைக்கும் இதே நோய் இருந்தது. வரங்கள் நிறைந்த சபை. பாட்டும் ஸ்தோத்திரமும் குறைவில்லை. பவுல் அவர்களைக் கேட்கிறார்: ஒன்றும் அறியாத ஒருவன் உங்கள் நடுவே வந்து அமர்ந்தால், நீங்கள் செய்வது அவனுக்கு என்னவாகத் தோன்றும்? நீங்கள் சொல்வதை அறியாதவன் எப்படி ஆமென் சொல்லுவான்? (1 கொரிந்தியர் 14). ஆவியோடும் பாடவேண்டும், கருத்தோடும் பாடவேண்டும் என்று அவர் எழுதியது இந்த இடத்தில்தான். ஆராதனை செம்மையாய் நடக்கிறதா என்பதை அவர் மேடையில் நின்று பார்க்கவில்லை. கடைசி வரிசையில், புதிதாய் வந்தவன் அமர்ந்திருக்கும் இடத்தில் அமர்ந்து பார்க்கிறார்.

திருவையாற்றில் நான் அமர்ந்திருந்த இடமும் அதுவே. என்னை அங்கே பிடித்து வைத்தது பாட்டின் உயர்வு என்று நான் சொன்னால் அது பொய். அதன் உயர்வை அறிய எனக்கு இன்னும் பத்து ஆண்டு வேண்டும். என்னைப் பிடித்து வைத்தது முன்வரிசை அம்மையார் சற்று உயர்த்திய கை.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். கீர்த்தனைகளைக் காலை ஆராதனையிலிருந்து எடுக்க வேண்டாம். அவற்றை எடுத்துவிட்டால், இந்த மண்ணிலிருந்து வரும் ஒருவர் தம் காதுக்குப் பழகிய மெட்டில் நம் ஆண்டவரைக் கேட்கும் வாசல் ஒன்று அடைபடும். அந்தத் தாயாரின் வீட்டிலும் காலையில் வானொலி பாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இப்போது பாடுவதுபோலவே பாடிக்கொண்டிருப்பதற்காக அவற்றை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மாதத்துக்கு ஒரு கீர்த்தனை போதும். நான்கு ஞாயிறும் அதே கீர்த்தனை. முதல் ஞாயிறு பாடகர் குழு மெட்டைமட்டும் ஒருமுறை பாடட்டும், பிறகு சொற்களோடு. பாட்டின் பொருளை ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும்; சாஸ்திரியாரின் தமிழில் சில சொற்கள் இன்று நமக்கே விளங்குவதில்லை. கோரஸ் பாடுகிற பிள்ளைகள் தாராளமாய்ப் பாடட்டும், கிட்டார் இருக்கட்டும். மைக் மட்டும் இரண்டுக்கு மேல் வேண்டாம். சபையின் குரல் சபைக்குக் கேட்கவேண்டும். பாடகர் குழு மேடையை விட்டு இறங்கிச் சபையாரின் நடுவே அமர்ந்து பாடினால் என்ன என்றும் யோசிக்கிறேன். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். புதிதாய் மேலங்கி தைத்திருக்கிறார்கள்.

குழுவின் கூட்டம் மாதக் கடைசியில். அதற்குமுன் சோதித்துப் பார்ப்போமே. வருகிற ஞாயிறு எட்டு மணிக்கு, ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்பாக, ஆலயத்தில் கூடுவோம். பெரியவர்களில் தாளம் அறிந்தவர்கள் மூவர் இருக்கிறீர்கள். நீங்கள் முன்வரிசையில் அமராமல் ஆங்காங்கே பிரிந்து அமருங்கள். வாலிபர் ஐக்கியத்திலிருந்து கிட்டார் வாசிக்கும் தம்பி அவசியம் வரவேண்டும். ஆதி தாளத்தின் எட்டும் அவன் எண்ணும் எட்டும் ஒன்றா என்று கேட்டிருந்தான்; வாசித்துப் பார்க்கட்டும். வீட்டில் கீர்த்தனைப் புத்தகம் இரண்டு இருந்தால் இரண்டையும் கொண்டுவாருங்கள். ஸ்ரீரங்கத்து நண்பரையும் வந்து கேட்கும்படி அழைத்திருக்கிறேன்.

அந்தத் தாயாரையும் அழைத்திருக்கிறேன். வருவதாக உறுதி சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார்கள். வந்தால் பின்வரிசையில்தான் அமர்வார்கள். அருகில் அமர்கிறவர் புத்தகத்தைச் சற்று அவர்கள் பக்கமாய்ச் சாய்த்துப் பிடியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்